ஐயத்தின் அறம்

1994ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், தென் பிரான்சிலுள்ள ஓட் புறோவான்ஸ் வான் அவதான நிலையத்தில், டிடியே கெலோ என்னும் ஆய்வு மாணவர் ஒருவர் தமது கருவியிலே பிழை நேர்ந்துவிட்டதென அஞ்சத் தொடங்கினார். பெகாசசு விண்மீன் கூட்டத்தில் 51 என்ற எண்ணாற் சுட்டப்படும் விண்மீன், நமது சூரியனை ஒத்தது; அமைதியானது; அதன் வேகத்தில் மாற்றம் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. ஆயினும் அவர் அளக்குந்தோறும் அவ்வேகம் வெவ்வேறாகவே வந்தது. எலோடி எனப் பெயரிய அந்நிறமாலைமானி புதிது. அதன் அளவீடுகளைக் கணிக்கும் கணனிச் செய்நிரல்களை ஆக்குவதில் கெலோவுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆகவே அவர் முதலில் ஐயுற்றது விண்மீனை அன்று, தம்மையே ஐயுற்றார். அவருடைய பேராசிரியர் மிசேல் மேயர் அப்பொழுது ஹவாய்த் தீவிலே தங்கியிருந்தார். மாணவர் தம் அச்சத்தை உடனே அவருக்குத் தெரிவிக்கவுமில்லை. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையுடன் அளவீடுகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். பிழை அகப்படவில்லை. மாறாக, நான்கு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட ஓர் ஒழுங்கான தாளமே அகப்பட்டது.

விஞ்ஞான வரலாற்றின் இந்நிகழ்ச்சி ஒழுக்கவியலுக்குரிய வினாவொன்றையும் தன்னகத்தே கொண்டுள்ளது. எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கையும் தன் கைக்கு எட்டிய சான்றும் முரண்படும்பொழுது ஒருவர் எதனை ஐயுறுதல் வேண்டும்? கொள்கையையா, கருவியையா, தன்னையா? போதிய சான்றின்றி நம்புதல் குற்றம் என்பதைப் பலரும் ஒப்புவர். அவ்வாறாயின், போதிய சான்று இருந்தும் ஐயுற்றுக்கொண்டே இருத்தல் குற்றமாகுமா?

வினாவை ஆராயுமுன் அளவீட்டின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். தொலைவிலுள்ள விண்மீனைச் சுற்றும் கோள் அவ்விண்மீனின் ஒளிவெள்ளத்தில் மறைந்துபோவதால் அதனை நேரே காண்டல் பெரும்பாலும் இயலாது. ஆனால் குழந்தையைக் கைப்பிடித்துச் சுழற்றும் தந்தை தாமும் சிறிது பின்சாய்ந்து சுழல்வதுபோல, கோளைச் சுழலவிடும் விண்மீனும் சிறிது அசைகின்றது. அது நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் நுண்ணளவில் நகர்கின்றன. வியாழன் நமது சூரியனை அசைக்கும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 12.5 மீற்றர், மிக விரைந்த ஓட்டவீரரின் வேகத்தை ஒத்தது. அவ்வசைவு ஒருமுறை நிறைவுறப் பன்னிரண்டு ஆண்டுகள் செல்லும். இத்துணைச் சிறிய அசைவை அளப்பதற்கு விண்மீனின் ஒளியை ஆயிரக்கணக்கான நுண்கூறுகளாகப் பிரித்தல் வேண்டும். மங்கிய விண்மீன்களிடத்தில் அவ்வாறு பிரிப்பதற்குப் போதிய ஒளி இல்லை. அதனாலேயே இத்தேடல் பிரகாசமான விண்மீன்களைச் சார்ந்து வளர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது ஒளியாண்டுத் தொலைவிலுள்ள 51 பெகாசி, இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கும் தென்படுவது.

அவ்விண்மீன் செக்கனுக்கு ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் முன்னும் பின்னும் அசைந்தது. அவ்வசைவு நிறைவுற எடுத்த காலம் பன்னிரண்டு ஆண்டுகள் அல்ல, 4.23 நாட்கள். கணக்கின்படி, வியாழனின் அரைப்பங்களவு திணிவேனும் கொண்ட ஒரு கோள், புதன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தின் ஏழிலொரு பங்கில், ஆயிரம் பாகை அளவான வெப்பத்தில் தன் விண்மீனைச் சுற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். இதனை ஏற்பது எளிதன்று. பெருங்கோள்கள் பனிக்கட்டி உறையக்கூடிய குளிர்ந்த புறப்பகுதியிலேதான் தோன்றும் என்பது அக்காலத்துப் பொதுக் கொள்கை. சூரியக் குடும்பம் அதற்குச் சான்றாய் நின்றது. ஆனால் அது ஒரே குடும்பம் என்பதை எவரும் அழுத்திக் கூறவில்லை. ஒரு வீட்டின் வழக்கத்தைக் கண்டு ஊர் முழுவதன் வழக்கத்தையும் வகுத்துரைத்தது போன்றது அக்கொள்கை.

இத்தகைய கோளைச் சிந்தித்தவர் முன்னர் இல்லையென்றும் கூறுதற்கில்லை. 1952ஆம் ஆண்டில் ஒற்றோ ஸ்ட்ரூவ என்னும் வானியலாளர் மிகச் சிறிய கட்டுரையொன்றை வெளியிட்டார். ஒன்றையொன்று நெருங்கிச் சுற்றும் இரட்டை விண்மீன்கள் உளவெனின், விண்மீனை நெருங்கிச் சுற்றும் பெருங்கோள் ஏன் இருத்தலாகாது என வினவினார். பூமிக்கும் சூரியனுக்குமுள்ள தூரத்தில் ஐம்பதிலொரு பங்கில் வியாழனையொத்த கோள் ஒன்று இருந்தால், அது ஏறத்தாழ ஒரு நாளில் விண்மீனைச் சுற்றிவரும் என்றும், விண்மீனைச் செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் அசைக்கும் என்றும் கணித்தார். அத்தகைய கோள் விண்மீனுக்கு முன்னாற் செல்லும்போது ஒளி சற்றுக் குறைவதைக் கொண்டும் அதனை அறியலாம் என்றார். பின்னாளில் பயன்பட்ட இரு வழிகளும் அச்சிறு கட்டுரையில் இருந்தன. அது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதும் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

சைவ சித்தாந்த அளவையியல் பயின்றோர் காண்டல், கருதல், உரை என்பவற்றோடு அபாவமும் அளவையாக எண்ணப்படுவதை அறிவர். நிலத்திற் குடம் காணப்படாமையைக் கொண்டு குடம் இல்லையென அறிதல் அபாவம். ஆனால் இதனை விரித்துரைத்த பாட்ட மீமாம்சகர் இன்றியமையாத நிபந்தனையொன்றை விதித்தனர். இருந்திருப்பின் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலையிலேயே காணாமை இன்மைக்குச் சான்றாகும். இருட்டறையிற் குடம் தென்படவில்லை என்பதால் அங்கே குடம் இல்லை எனல் ஆகாது. விண்மீனுக்கு அருகே பெருங்கோள் இல்லை என்ற எண்ணம் பெருமளவுக்கு இருட்டறையிற் பிறந்த எண்ணமே. விளக்கு ஏற்றப்படவில்லை, எண்ணெய் வீண் என்று கருதப்பட்டது.

இது வெறும் உவமையன்று. அமெரிக்காவில் ஜெப்ரி மார்சி, போல் பட்லர் ஆகிய இருவரும் 1987ஆம் ஆண்டு முதல் லிக் அவதான நிலையத்தில் விண்மீன்களின் அசைவை அளந்து வந்தனர். அளவீடுகள் குவிந்தன, அவற்றைக் கணிக்கக் கணனிக்கு நீண்ட நேரம் தேவைப்பட்டது. வியாழனைப் போன்ற கோளுக்குப் பன்னிரண்டு ஆண்டு தேவையெனின் அவசரப்படுவானேன்? 1995 ஒக்ரோபர் 6இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மேயரும் கெலோவும் தம் முடிவை அறிவித்தபின், இவர்கள் நான்கு இரவுகள் தொடர்ந்து 51 பெகாசியை அளந்து அதனை உறுதிப்படுத்தினர். பின்னர் தம்மிடமிருந்த பழைய அளவீடுகளைக் கணித்தபோது வேறு இரு விண்மீன்களின் கோள்கள் அவற்றுள் இருக்கக் கண்டு 1996 ஜனவரியில் வெளியிட்டனர். இதனினும் வியத்தகு செய்தி ஹிப்பார்க்கொஸ் செய்மதி பற்றியது. எச்.டி. 209458 என்னும் விண்மீனின் ஒளி, கோளொன்று குறுக்கிடுவதால் மங்குவதை அச்செய்மதி 1990களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருந்தது. அக்கோள் வேறு வழியால் அறியப்பட்ட பின்னரே அப்பதிவைத் தேடிப் பார்த்தனர். கண்ட கண் இருந்தது. கண்டோம் என்று அறிய மனம் இருக்கவில்லை.

ஆயினும் அவ்வானியலாளர்களை எளிதிற் குறைகூறுதல் நேர்மையாகாது. அவர்களது தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது பொய்க் கோள்களின் வரலாறு.

பீற்றர் வான் டி காம்ப் என்பார் பாணாட்டின் விண்மீனைப் பல்லாண்டுகள் ஒளிப்படம் எடுத்து, அதற்கு வியாழனையொத்த கோள் உண்டென 1963இல் அறிவித்தார். பாடநூல்களும் அதனை ஏற்றன. 1973இல் வேறு தொலைகாட்டிகளின் படங்களை ஆராய்ந்தோர் அவ்வசைவைக் காணவில்லை. அவர் பயன்படுத்திய தொலைகாட்டியின் வில்லை திருத்தப்பட்ட காலங்களிலேயே விண்மீன் ‘அசைந்தது’ என்பதும், அதே தொலைகாட்டியால் எடுக்கப்பட்ட வேறு விண்மீனும் அவ்வாறே அசைந்தது என்பதும் வெளிப்பட்டன. வான் டி காம்ப் இறுதிவரை அதனை ஒப்புக்கொள்ளவில்லை. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், புளோரன்ஸ் அறிவிப்புக்குச் சில மாதங்களின் முன் அவர் காலமானார். பாணாட்டின் விண்மீனுக்குக் கோள் உண்டென்பது 2024இல் நிறுவப்பட்டது. ஆனால் அது பூமியினும் சிறியது. அவர் கூறிய பெருங்கோள் அங்கில்லை. அவரை வஞ்சகர் எனல் தகாது. தம் வாழ்நாள் உழைப்பை மெய்யென்றே நம்பினார். நம்பிக்கையிற் பழுதில்லை, நம்பும் உரிமையை அவர் ஈட்டிய முறையிலேயே பழுது.

இவ்வுரிமை பற்றியே வில்லியம் கிளிபோர்ட் 1877இல் எழுதினார். பழுதுபட்ட கப்பலைப் பரிசோதியாது, அது பத்திரமாய்ச் செல்லும் எனத் தன் மனத்தைத் தேற்றிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்பும் முதலாளியை அவர் எடுத்துக்காட்டினார். கப்பல் மூழ்காது கரைசேர்ந்தாலும் அவன் குற்றவாளியே என்பது அவர் கொள்கை. நம்பிக்கை மெய்யாவதும் பொய்யாவதும் தற்செயல். அதனை எவ்வாறு பெற்றான் என்பதிலேயே அறம் இருக்கின்றது.

கிளிபோர்ட் இருந்திருப்பின் அன்ட்று லைன் என்ற ஆங்கிலேய வானியலாளரைப் போற்றியிருப்பார். லைனும் அவருடைய குழுவினரும் துடிப்பு விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோளை 1991இல் அறிவித்தனர். அதன் சுற்றுக்காலம் ஆறு மாதம். 1992 ஜனவரியில் அற்லாண்டாவில் நடைபெற்ற அமெரிக்க வானியற் சங்கக் கூட்டத்தில் அதுபற்றி உரையாற்ற லைன் அழைக்கப்பட்டிருந்தார். அதற்குச் சிறிது காலம் முன்னரே தம் பிழையை அவர் உணர்ந்தார். பூமியின் பாதை முழுவட்டமன்று என்பதைக் கணிப்பிற் சரிவரச் சேர்க்காமையால், பூமியின் அசைவே விண்மீனின் அசைவாகத் தோற்றியிருந்தது. தாம் கண்டறிந்த கோளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட மேடையிலே அக்கோள் இல்லை என்று அவர் கூறினார். அவையோர் எழுந்துநின்று கைதட்டினர். அதே அமர்வில் அலெக்சாண்டர் வோல்ஸ்சான் வேறொரு துடிப்பு விண்மீனின் கோள்களைப் பற்றி உரையாற்றினார். அவை மெய்யாய் நிலைத்தன.

இவ்வளவில் வினா தீர்ந்துவிட்டதெனத் தோன்றலாம்: பொய்யைக் கைவிட்டவர் போற்றப்பட்டார், கைவிடாதவர் வருந்தினார். உண்மையிற் சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. ஏனெனில் மெய்யைக் கைவிட்டவர்களும் உளர்.

கனடாவைச் சேர்ந்த புரூஸ் காம்பெல், கோர்டன் வாக்கர் இருவரும் இத்துறையின் முன்னோடிகள். விண்மீனின் ஒளியை ஐதரசன் புளோரைட்டு வாயு நிறைந்த கலத்தினூடே செலுத்தி, அவ்வாயுவின் கோடுகளை அளவுகோலாகக் கொண்டு, செக்கனுக்கு 13 மீற்றர் அளவு நுட்பத்தை எய்தியவர்கள். அவ்வாயு நச்சுடையது, கண்ணாடியையும் அரிப்பது. ஹவாயிலுள்ள தொலைகாட்டியில் ஆண்டுக்குச் சில இரவுகளே கிடைத்தன. 1980களின் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு ஆண்டளவு 21 விண்மீன்களை அவர்கள் அளந்தனர். காமா செபெய் என்ற விண்மீனைக் கோளொன்று அசைக்கக்கூடும் என 1988இல் எழுதினர். தொடர்ந்து அளந்தபோது அவ்விண்மீனின் கல்சியக் கோட்டிலும் அதே கால அளவில் மாற்றம் இருப்பதுபோற் தென்பட்டது. ஆகவே அசைவுக்குக் காரணம் கோளன்று, விண்மீனின் சொந்தச் சுழற்சியாகலாம் என 1992இல் தம் கருத்தை விலக்கிக்கொண்டனர். நிரந்தரப் பதவி கிட்டாத காம்பெல் வானியலையே விட்டு வேறு தொழிலுக்குச் சென்றார். வியாழனையொத்த கோள் எதனையும் அவ்விண்மீன்களிடத்துத் தாம் காணவில்லை என்ற அவர்களது இறுதி அறிக்கை 1995இல் வெளிவந்தது. புளோரன்ஸ் அறிவிப்பு அதே ஆண்டிலேயே நிகழ்ந்தது. விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெருங்கோள் நூறு விண்மீன்களுக்கு ஒன்றளவிலேயே உண்டு என்பது இன்று அறியப்பட்டுள்ளது. 21 விண்மீன்களுள் ஒன்றேனும் அகப்படுவது அரிது. மேயரும் கெலோவும் 142 விண்மீன்களை எடுத்துக்கொண்டனர்.

லைன் செய்ததும் காம்பெல், வாக்கர் செய்ததும் ஒரே செயல். ஒன்று பொய்யை நீக்கியது. மற்றையது மெய்யை நீக்கியது. கிளிபோர்ட்டின் நியாயப்படி இரண்டும் சமமான அறச்செயல்களே. வில்லியம் ஜேம்ஸ் இதற்கு உடன்படமாட்டார். 1896இல் அவர் காட்டிய வேறுபாடு நுட்பமானது. மெய்யை அடைதல் வேண்டும், பொய்யைத் தவிர்த்தல் வேண்டும் என்பன ஒரே கட்டளையின் இரு வடிவங்கள் அல்ல. அவை வெவ்வேறு கட்டளைகள். ஏமாறிவிடுவோமோ என்ற அச்சத்தையே தலையாயதாகக் கொள்பவர் பல மெய்களை இழக்க ஒருப்பட்டவராவர். பரீட்சை மண்டபத்திற் தெரியாத வினாவை வெறுமையாய் விட்டுச்செல்லும் மாணவன் பிழை எழுதுவதில்லை, புள்ளியும் பெறுவதில்லை.

ஆயினும் ஜேம்சின் வாதத்தை இங்கே முழுதாக ஏற்றல் இயலாது. காம்பெலும் வாக்கரும் அஞ்சி ஒதுங்கியோர் அல்லர். தம் கோளுக்கு எதிரான சான்றைத் தாமே தேடிச் சென்றோர். மேயரும் கெலோவும் செய்தது அதுவே. 51 பெகாசி சூரியனுக்கு அப்பால் மறைந்து மீண்டும் தோன்றும்வரை அவர்கள் காத்திருந்தனர். 1995 ஜூலையில் எந்த இரவில் எந்த வேகம் தென்படவேண்டும் என்று முன்கூட்டியே கணித்து வைத்தனர். தம் கோள் தோற்பதற்கு ஒரு வாய்ப்பை அதற்கு அளித்தனர். அது தோற்கவில்லை. இரு சாராரும் ஐயத்தை வெறும் மனக்கலக்கமாக வைத்திராது சோதனையாக மாற்றினர். ஒரு சாராருக்கு நோபல் பரிசு 2019இல் வந்தது. மற்றைய சாராருக்கு வரவில்லை. அறத்தின் அளவும் பயனின் அளவும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போர்க்கு இது மனக்குறையாகவே இருக்கும்.

ஐயத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதையும் சேர்த்து நோக்கல் வேண்டும். நிலைபெற்ற பதவியிலிருப்பவர் பத்தாண்டு ஐயுற்றாலும் அவருடைய சம்பளம் குறையாது. ஒப்பந்தத்தில் வாழும் ஆய்வாளர்க்கு ஒவ்வோர் ஐயமும் ஓர் ஆண்டின் சோறு. அறிஞர் சமூகம் ஐயத்தை அறமெனப் போற்றிக்கொண்டு கண்டுபிடிப்புக்கு மாத்திரம் பதவி வழங்குமாயின், அப்போற்றுதலில் ஏதோ பொய் இருக்கின்றது. காம்பெல் பணியைவிட்டு நீங்கியமைக்குத் தனியொருவர் பொறுப்பாளி அல்லர். ஆனால் எவருமே பொறுப்பில்லை என்பதும் நிறைவான விடையன்று.

51 பெகாசியின் கோளும் ஐயத்துக்குத் தப்பவில்லை. டேவிட் கிறே என்னும் கனடிய வானியலாளர், அவ்விண்மீனின் நிறமாலைக் கோடுகளின் வடிவமே 4.23 நாளுக்கொருமுறை மாறுகின்றதென்றும், எனவே அங்கே கோள் இல்லை, விண்மீனின் துடிப்பே உண்டென்றும் 1997இல் எழுதினார். பின்னர் மேலும் நுட்பமாய் அளந்தபோது அம்மாற்றம் தென்படவில்லை. 1998இல் அதே சஞ்சிகையிலேயே தம் மறுப்பைத் தாமே மறுத்துக் கோளுக்கு உயிரளித்தார். மறுத்தவர் கையாலேயே மறுப்பு நீங்கியமையால் அக்கோளின் நிலை முன்னரிலும் உறுதிப்பட்டது.

கருதலளவையால் அறிந்ததைக் காண்டலளவை தாங்கியபோது எஞ்சிய ஐயமும் தீர்ந்தது. 1999இல், 3.5 நாளுக்கொருமுறை சுற்றும் கோளையுடைய எச்.டி. 209458ஐ ஆய்வு மாணவரான டேவிட் சார்போனோவும் அவர் குழுவினரும் 10 சதமமீற்றர் அளவான சிறு தொலைகாட்டியால் நோக்கினர். முன்கணித்த நேரத்தில் அதன் ஒளி ஒன்றரை வீதமளவு குறைந்து, ஏறத்தாழ மூன்று மணிநேரத்தின் பின் மீண்டது. வேறொரு குழுவும் அவ்வாண்டிலேயே அம்மங்கலைக் கண்டது. ஸ்ட்ரூவ கூறிய கிரகணம் அதுவே. அக்கோள் வியாழனிலும் பருத்தது. நீரினும் அடர்த்தி குறைந்தது. விண்மீன் பிரகாசமானதாகையால் கோளின் வளிமண்டலத்தினூடே வடிகட்டப்பட்டு வந்த ஒளியைப் பிரித்து, அதில் சோடியம் இருப்பதையும் சில ஆண்டுகளுள் ஹபிள் தொலைகாட்டியால் அறிந்தனர்.

அதன்பின் இத்தேடலிற் பெருந் தொலைகாட்டிகளோடு சிறு கருவிகளும் இடம்பெற்றன. கெல்ட் எனப்பட்ட திட்டம், அமெரிக்காவின் அரிசோனாவிலும் தென்னாபிரிக்காவிலும் 42 மில்லிமீற்றர் துவாரமுள்ள ஒளிப்படவில்லைகளை வைத்துப் பிரகாசமான விண்மீன்களை நோக்கியது. 2017இல் அது அறிவித்த கெல்ட்-9பி என்ற கோள் ஒன்றரை நாளில் தன் விண்மீனைச் சுற்றுகின்றது. அதன் பகற்பக்கம் 4,300 பாகை செல்சியஸ் அளவு வெப்பமுடையது. அவ்வெப்பம் விண்மீன்கள் பலவற்றின் மேற்பரப்பு வெப்பத்தினும் அதிகம். அங்கே இரும்பும் ஆவியாய் உலவுகின்றது. கோள், விண்மீன் என்ற சொற்களே இங்குத் தடுமாறுகின்றன.

அச்சொற்கள் தடுமாறும் மற்றோர் இடமும் உண்டு. டேவிட் லேதமும் அவர் குழுவினரும் 1989இல் எச்.டி. 114762 என்ற விண்மீனின் துணையொன்றைக் கண்டனர். அதன் திணிவு வியாழனைப்போற் குறைந்தது பதினொரு மடங்கு. கோள் என்று உரக்கக் கூறியிருப்பின் முதற் புகழ் அவர்களுடையதாயிருக்கும். அவர்களோ அது பெரும்பாலும் கோளிலும் பெரிய, விண்மீனாகத் தவறிய பொருளாகலாம் என்றே எழுதினர். அத்தன்னடக்கத்துக்காக அவர்கள் கண்டுபிடிப்பை இழந்தனர் எனப் பலர் பின்னர் இரங்கினர். கையா செய்மதியின் அளவீடுகள் 2019க்குப் பின் அத்துணை சிறியதொரு விண்மீனே என்று காட்டின.

காமா செபெயின் முடிவு வேறு. 2003இல், புதிய அளவீடுகளைக் காம்பெல், வாக்கர் ஆகியோரது பழைய அளவீடுகளோடு இணைத்து நோக்கியபோது, இரண்டரை ஆண்டுத் தாளம் இருபதாண்டுக்கு மேலாகத் தளராது தொடர்வது புலனாயிற்று. விண்மீனின் சுழற்சியால் அவ்வாறு நிகழ இயலாது. அங்கே கோள் உண்டு. அக்கோளை அறிவித்த கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இறுதியை அண்டி வாக்கரின் பெயரும், வானியலை விட்டு நீங்கிப் பத்தாண்டு கடந்திருந்த காம்பெலின் பெயரும் அச்சாகியிருந்தன.